ஐந்தாவது ரிலே

என் மருமகளுக்கு நான் வைத்த பெயர் லிஃப்ட்காரி. உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை. கல்யாணமான புதிதில் அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டல் இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. பட்டனைத் தட்டினால் மேலே போய், இன்னொன்றைத் தட்டினால் கீழே வருகிற ஒரு பெட்டியில் அப்படி என்ன பெரிய வித்தை இருந்துவிடப்போகிறது என்பது என் எண்ணம். நான் இருபத்தெட்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். கிளட்ச்சை எப்போது விடுவது என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குக் காதில் கத்திச் சொன்ன வாய் இது. வண்டி விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கார் என்னைவிட ஆறு வயது சின்னது. உருண்டை முகம், குரோம் பம்பர், கனமான கதவுகள். பயிற்சிப் பள்ளியை மூடியபோது மற்ற வண்டிகளையெல்லாம் கொடுத்துவிட்டேன், இதை விட மனசு வரவில்லை. அதற்கு ஒரே குறை ஹெட்லைட். மஞ்சளாக மினுக்குமே தவிர வெளிச்சம் என்று ஒன்று வராது. நமக்குத் தெரியாததா என்று நானே களத்தில் இறங்கினேன். இரண்டு மடங்கு சக்தியுள்ள பல்புகளைப் போட்டேன். பம்பருக்கு மேல் இரண்டு பனிமூட்ட விளக்குகளை மாட்டினேன். பழைய ஹார்ன் இருமியதால் லாரிக்குப் போடுகிற ஜோடி ஹார்னையும் பொருத்தினேன். இத்தனைக்கும் கரண்ட் எங்கிருந்து எடுத்தேன் என்றால், டேஷ்போர்டில் இருக்கிற பழைய லைட் சுவிட்சின் வயரிலிருந்து. வயரை உரித்து, முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் திரும்பும்போது அந்த சுவிட்ச் மெழுகாக இளகி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்து புகை வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் என் மகன் தெருவே வேடிக்கை பார்க்க ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். லிஃப்ட்காரி அவன் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினாள். புகை நின்றது.

"அம்மா, இது கார் இல்ல, தீப்பெட்டி," என்றான் மகன். "வித்துடலாம்."

"உன்ன வேணா வித்துடறேன்," என்றேன்.

ஆனால் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு வண்டியின் பதிவு முடிகிறது. அதற்குள் அரசாங்கப் பரிசோதனையில் தேறினால் மேலும் ஐந்து வருஷம் கிடைக்கும். ஒரு நாள் தப்பினாலும் இவ்வளவு பழைய வண்டிக்கு மறுபடி பதிவே கிடையாது. வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்கலாம், சாலையில் இறக்க முடியாது. போதாக்குறைக்கு, புதிதாக மின்சார வேலை எதையாவது சேர்த்திருந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் படம் வரைந்து, உரிம எண் போட்டு, கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். வழக்கமாகப் போகிற ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கையில் இருந்தது பதினைந்து நாள்.

"நான் பாக்கட்டுமா அத்தை?" என்றாள் லிஃப்ட்காரி. "எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

வேறு வழியில்லாததால் சரி என்றேன். அந்தச் சரியை எவ்வளவு அரைமனதாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் அவள் எதையும் தொடவில்லை. மீட்டரை வைத்துக்கொண்டு அங்கங்கே முள்ளைக் குத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். இப்படிப் பரீட்சை எழுதினால் முப்பதாம் தேதிக்குள் முடிந்த மாதிரிதான் என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். மறுநாள் கூப்பிட்டுக் காட்டினாள். இளகிய சுவிட்சுக்குப் பதிலாக அதே மாதிரிப் பழைய சுவிட்ச் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டு, ஒரு நிமிஷம் மட்டும் விளக்கை எரியவிட்டாள். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். விளக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்பதே முக்கால்.

"கிட்டத்தட்ட மூணு வோல்ட் வழியிலேயே தொலையுது அத்தை. பேட்டரில கிளம்பி, டேஷ்போர்டுக்குப் போயி, அந்தச் சின்ன சுவிட்சுக்குள்ள நுழைஞ்சு, திரும்ப முன்னாடி வரணும். அத்தன கரண்டும் அதுக்குள்ள போனா அது என்ன பண்ணும், பாவம்?"

"முன்னாடி எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"முன்னாடி அதுக்கு சின்ன பல்பு. லிஃப்ட்ல நீங்க ஒரு விரலால பட்டன அமுக்குறீங்க. அந்த விரலா பத்து பேரத் தூக்குது? பட்டன் சொல்லும், தூக்குறது வேற ஆளு. இங்கயும் அதேதான் பண்ணப்போறேன்."

அந்த வேறு ஆள்தான் ரிலே. சதுரமான சின்னக் கறுப்புப் பெட்டி. சுவிட்சிலிருந்து துளியூண்டு கரண்ட் வந்தால் போதும், உள்ளே டிக் என்று ஒரு சத்தத்தோடு தொடர்பு சேர்ந்துகொள்ளும். பேட்டரியிலிருந்து நேராக, தடித்த வயர் வழியாக, விளக்குக்கு முழுக் கரண்ட் போகும். சுவிட்சுக்குச் சொல்கிற வேலை மட்டும்தான். இருபத்தெட்டு வருஷம் வண்டியோடு குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாமல் போனதே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் அவள் வேலையிலிருந்து வந்ததும் ஆறு மணிக்கு ஆரம்பிப்பாள், எட்டு மணிக்கு நிறுத்திவிடுவாள். குறை சொல்வதற்காகவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு குறைகூட அகப்படவில்லை. வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடமாட்டேன், பழைய வயர் எதையும் வெட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஏற்கனவே இருந்த இரண்டு போல்ட் துளைகளுக்குச் சரியாக ஒரு அலுமினியப் பட்டையை அளவெடுத்து வளைத்து, அதில் ரிலேக்களை வரிசையாக உட்கார வைத்தாள். ஹெட்லைட்டுக்கு இரண்டு, பனிமூட்ட விளக்குக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண். முனையை அழுத்திப் பொருத்தியதும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்ப்பாள், பிடுங்கிக்கொண்டு வந்தால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடியும் செய்வாள். என்ஜின் அறைக்கும் உள் பக்கத்துக்கும் நடுவே தகட்டில் வயர் நுழைகிற இடத்தில் விளிம்பு அறுக்காமல் ரப்பர் வளையம் போட்டாள். வயர்களைச் சேர்த்து மெழுகு நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டினாள், எல்லா முடிச்சும் ஒரே இடைவெளியில் இருந்தது. பானெட்டைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கலாம் போல இருந்தது. நின்றேன், இரண்டு மூன்று தடவை, யாரும் பார்க்காதபோது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வயரையும் மாட்டி முடித்ததும் தனக்குத்தானே, "இது அறுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்வாள். பதில் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த வயர்.

"எதுக்கு இப்படி அபசகுனமா பேசற?" என்று கேட்டேன்.

"எங்க வேலைல அதான் முதல் கேள்வி. எது கெட்டுப்போனாலும் லிஃப்ட் நிக்கணும். நிக்கிறதுதான் முதல்ல, ஓடுறதெல்லாம் அப்புறம்."

பத்தாவது நாள் விளக்கைப் போட்டாள். மங்கிய மஞ்சள் எங்கே போனதோ, எதிர் வீட்டுச் சுவர் முழுக்க வெள்ளையாக வெளிச்சம் அடித்தது. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல். அந்தப் பழைய சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. மகன்கூட வாளி இல்லாமல் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லையே," என்றான். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "பிரமாதம்டி," என்றேன். அவள் முகம் சிவந்துபோனது.

அலுமினியப் பட்டையில் ஐந்தாவதாக ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அது ரேடியேட்டர் ஃபேனுக்கு. இந்தக் கார் நெரிசலில் நின்றால் சூடாகிக் கொதிக்கும். அதற்காக நான் எப்போதோ மின்சார ஃபேன் ஒன்றை வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் கட்டியும் வைத்திருந்தேன், கரண்ட்தான் கொடுக்கவில்லை.

"ஃபேன் கிளம்பும்போது ரொம்ப இழுக்கும் அத்தை. அதுக்குப் பெரிய ரிலே வேணும், சொல்லி வெச்சிருக்கேன். பரிசோதனை முடியட்டும், சனிக்கிழமை நிதானமா மாட்டித் தரேன்."

படத்தை வரைந்து, உரிம எண்ணைப் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை முப்பதாம் தேதி. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம் நான் தனியாக இருந்தேன். பரிசோதனை அலுவலகத்தில் ஒரு மணி நேரமாவது வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே வண்டி கொதித்து ஆவி அடித்தால் என்ன செய்வது என்று நினைக்க நினைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. நான் பிறவி அவசரக்குடுக்கை. ஒரே ஒரு வயர்தானே. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயர் எது என்று அவள் வரைந்த படத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன். அதிலிருந்து ஒரு இணைப்பை முறுக்கி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்சை வைத்து, ஃபேனுக்குக் கொடுத்தேன். சாவியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன், ஃபேன் சுழன்றது. சாவியை எடுத்தேன், நின்றது. என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் கழற்றச் சொல்வாள் என்று தெரியும்.

வியாழக்கிழமை நினைத்தபடியே வரிசை நீளமாக இருந்தது. லிஃப்ட்காரி காகிதங்களை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனாள். நான் வண்டியை நகர்த்தி நகர்த்தி வந்தேன். சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பார்த்தாயா என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு ஃபேனைத் தட்டிவிட்டேன். முள் இறங்கியது.

பரிசோதகர் ஒல்லியான மனிதர், அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹெட்லைட், சரி. பனிமூட்ட விளக்கு, சரி. ஹார்ன் அடித்தேன், பக்கத்து வரிசைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். பானெட்டைத் திறந்து குனிந்த பரிசோதகர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"யாரு செஞ்சது?"

"நான்தான் சார்," என்றாள் அப்போதுதான் வந்து சேர்ந்த லிஃப்ட்காரி.

"நல்ல கை," என்றார். எனக்கு நானே செய்தது போலப் பெருமை தாங்கவில்லை. "சரிம்மா, என்ஜின நிறுத்துங்க."

சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்கம்மா."

"நிறுத்திட்டேன்பா!" சாவியை உருவி வெளியே நீட்டிக் காட்டினேன். சாவி என் கையில், கார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு விநாடி இருக்கும், ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார், மறுபடியும் அதே எட்டு விநாடி. இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர்களைப் பார்த்து "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியவள் நான். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

லிஃப்ட்காரி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ அத்தை," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சாவியைத் திருப்பினேன். என்ஜின் சத்தத்துக்கு அடியில் ஃபேனின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்வதும், அது தேய்ந்து முடிகிற நேரத்தில் என்ஜின் நிற்பதும் அவள் காதில் விழுந்துவிட்டது. மீட்டரைக்கூட எடுக்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து பார்த்தாள். கரண்ட் நின்ற பிறகும் ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும், சுழலும்வரை அதுவே ஒரு சின்ன டைனமோ. அது உண்டாக்குகிற கரண்ட் நான் போட்ட வயர் வழியாகத் திரும்பி ஓடி என்ஜினை நிற்கவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது நான் பார்த்ததெல்லாம், என் முறுக்கலும் என் டேப்பும் இருக்கிற இடத்தில் அவள் விரல் போய் நின்றதைத்தான். அந்த வயரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டே போனாள். முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பரிசோதகர் சான்றைக் கையில் எடுத்தார். "இதுல இந்த ஃபேன் இல்லையே. உங்க லைசென்ஸ் நம்பர் இருக்கு, கையெழுத்து இருக்கு. நிக்காத வண்டிக்கு சான்று குடுத்திருக்கீங்க. இத நான் மேல எழுதி அனுப்பணும், தெரியும்ல? லைசென்ஸே போயிடும்."

"கையெழுத்து போட்டது நான்தான் சார். காலைல ஒரு தடவ பானெட்டத் திறந்து பாத்திருக்கணும். என் பொறுப்புதான்."

ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு வண்டியில் கை வைத்ததாக ஒப்புக்கொண்டால் சான்று செல்லாது, சான்று இல்லாவிட்டால் இன்றோடு வண்டி சாலைக்கு இல்லை. அந்த ஒரு நிமிஷம் நான் காரைத்தான் நினைத்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். க்ரீஸ் படாமல் சுருட்டிவிட்ட முழுக்கைச் சட்டையோடு, நிமிர்ந்து, யாரையும் காட்டிக்கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த வயர் அவ போட்டது இல்ல," என்றேன். "நான் போட்டது. நேத்து மத்தியானம், அவளுக்குத் தெரியாம. அவ வேலைல ஒரு குத்தம் கிடையாது. எழுதறதா இருந்தா என் பேர எழுதிக்குங்க."

"அப்போ இந்த சான்று செல்லாதும்மா. இன்னைக்குக் கடைசி நாள்னு தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

பரிசோதகர் பேனாவை மூடினார். லிஃப்ட்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆபீஸ் ஒரு மணி வரைக்கும் இருக்கு சார். இப்ப பதினொன்னு அம்பது. நாப்பது நிமிஷம் குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே செஞ்சு, புதுசா படம் வரைஞ்சு கையெழுத்து போட்டுத் தரேன்."

அவர் அலுமினியப் பட்டையை இன்னொரு தடவை பார்த்தார். "ஓரமா விட்டுச் செய்ங்க," என்றார்.

ஓரமாக விட்டோம். "ஃபேனக் கழட்டி எறிஞ்சிடுடி," என்றேன்.

"எதுக்குக் கழட்டணும்? வண்டி கொதிக்குதுன்னுதானே மாட்டினீங்க. அது நியாயம்தானே." என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த சாமான் பையிலிருந்து ஒரு பெரிய ரிலேயை எடுத்தாள். முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டதாம். நான் மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும், அதை நினைத்து எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நாற்பது நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். என் வயரை முழுசாக உருவித் தூரப் போட்டாள். கையில் அவசரம் இல்லை, ஆனால் ஒரு அசைவுகூட வீணாகவில்லை. அளந்தாள், வெட்டினாள், எண் போட்டாள், முனையை அழுத்தினாள், இழுத்துப் பார்த்தாள். நேரம் ஓடுகிறதே என்று முடிச்சுகளைக் கூடக் குறைக்கவில்லை, அதே இடைவெளியில் கட்டினாள். ஐந்தாவது இடத்தில் ரிலே போய் உட்கார்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அவள் கேட்ட சாமானை எடுத்து நீட்டினேன். வரிசையில் சிரித்தவர்கள் இப்போது சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரிசோதகரும் சேர்ந்துதான். "இது அறுந்தா என்ன ஆகும்?" என்று அவள் முணுமுணுத்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு, "போடுங்க அத்தை," என்றாள். ஸ்டார்ட் செய்தேன். ஃபேனைத் தட்டினேன், டிக் என்றது, சுழன்றது. சாவியைத் திருப்பினேன். என்ஜின் அந்தக் கணமே நின்றது. ஃபேன் மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அவள் புதுசாகப் படம் வரைந்து கையெழுத்துப் போட்டு நீட்டினாள், பரிசோதகர் வாங்கிப் பார்த்துவிட்டு அட்டையில் முத்திரை குத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பாதி வழிவரை தாங்கினேன்.

"கோவமா இருந்தா திட்டிடு. உன் லைசென்ஸுக்கே உலை வெச்சுட்டேன். தப்புதான்."

"லைசென்ஸா?" என்று திரும்பினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "லைசென்ஸ் போனா மறுபடி பரீட்சை எழுதி வாங்கிக்கலாம் அத்தை. நீங்க போட்ட வயர்ல ஃபியூஸே இல்ல. தொட்டுப் பாத்தேன், உறை இளகிப் பிசுபிசுன்னு ஒட்டுச்சு. இன்னும் பத்து நிமிஷம் வரிசைல நின்னிருந்தா பத்தியிருக்கும். நான் கவுன்டர்ல நிக்கிறேன், நீங்க உள்ள தனியா உக்காந்திருந்தீங்க."

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கவுன்டருக்கும் வரிசைக்கும் நடுவே அவள் ஓடி வருவதை நினைத்துப் பார்த்தேன். கண் கலங்கினால் வண்டியை ஓட்டாதே, ஓரம் கட்டு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து, ஒரு மரத்தடியில் ஓரம் கட்டினேன்.

"என்னாச்சு அத்தை? சத்தம் ஏதாவது கேக்குதா?" என்று அவள் அவசரமாகக் கதவைத் திறக்கப் போனாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா," என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எனக்குத்தான்."